பதிவேட்டில் இல்லாத இரத்த அழுத்தம்

ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் போகும் சாலையில் அத்திப்பள்ளி சோதனைச் சாவடியைத் தாண்டினால் கர்நாடகம். சந்தாபுரம், பொம்மசந்திரா, ஹெப்பகோடி என்று ஊர்கள் வரிசையாக வருகின்றன. அடுத்தது எலெக்ட்ரானிக் சிட்டி. பொம்மசந்திராவில் நாராயணா மருத்துவ நகரம் இருக்கிறது. உலக அளவில் மிக அதிகமாக இதய அறுவை சிகிச்சை நடக்கும் இடங்களில் அது ஒன்று. அதே ஊரின் தொழிற்பேட்டையில் பயோகான் நிறுவனம் இன்சுலின் தயாரித்து வெளிநாடுகளுக்கும் அனுப்புகிறது.

இதே வட்டாரத்தின் காலி மனைகளில் நீலத் தார்ப்பாய்க் கூடாரங்களும் தகரக் கொட்டகைகளும் இருக்கின்றன. குடியிருப்பவர்கள் அவற்றை ஷெட் என்கிறார்கள். அடுக்குமாடி கட்டுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். கட்டி முடித்த அடுக்குமாடியில் பாத்திரம் துலக்குகிறவர்கள், அலுவலக வளாகத்தைக் கூட்டிப் பெருக்குகிறவர்கள், இரவுக் காவலுக்கு நிற்கிறவர்கள் பக்கத்துத் தெருக்களின் ஒற்றை அறை வாடகை வீடுகளில் இருக்கிறார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கத்துத் தமிழர்கள், ராய்ச்சூர், கலபுரகிப் பக்கத்துக் கன்னடர்கள், ஒடிசா, பீகார், வங்காளம், அசாமிலிருந்து வந்தவர்கள்.

இந்த மக்களை வீடு வீடாகப் போய் எண்ணிய கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011இல் நடந்தது.

அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்க்கலாம். 1970களின் இறுதியில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் கோணப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் கிராமங்களில் 332 ஏக்கரில் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அடித்தளம் இட்டது. 1994இல் இன்ஃபோசிஸ் அங்கே குடிபெயர்ந்தது. 2010 ஜனவரியில், அங்கே போக ஏறக்குறைய 10 கிலோமீட்டர் நீள மேம்பாலச் சாலை திறக்கப்பட்டது. 2013இல் எலெக்ட்ரானிக் சிட்டித் தொழிற்பேட்டைக்கென்று தனி நகரிய ஆணையம் வந்தது. சாலை, தெருவிளக்கு, வடிகால் ஆகியவற்றை அது பார்த்துக்கொள்கிறது. 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. 19 கிலோமீட்டர், 16 நிலையங்கள்.

2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனது. அடுத்த கணக்கெடுப்புக்கு அறிவிக்கப்பட்டுள்ள நாள் 2027 மார்ச் 1. இடைவெளி 16 ஆண்டுகள்.

சுகாதாரத் துறையில் இந்த இடைவெளிக்கு நேரடியான விளைவு உண்டு. 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கத்தின் விதிப்படி, 50,000 பேருக்கு ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டும். 10,000 பேருக்கு ஒரு துணைச் செவிலியர். 1,000 முதல் 2,500 பேருக்கு ஓர் ஆஷா பணியாளர், அதாவது வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணி, குழந்தை, நோயாளி என்று குறித்துவைக்கும் உள்ளூர்ப் பெண். இந்த விகிதங்கள் எல்லாவற்றிலும் கீழே நிற்கும் எண் மக்கள்தொகை. 2011இல் பெங்களூரு நகரத் தொகுதியில் சுமார் 85 லட்சம் பேர் இருந்தார்கள். 50,000ஆல் வகுத்தால் 170 நிலையங்கள். ஐ.நா.வின் மதிப்பீட்டில் 2025இல் நகரத்தின் மக்கள்தொகை 1.4 கோடியைத் தாண்டுகிறது. வகுத்தால் 280. நடுவில் உள்ள 110 நிலையங்கள் 2011 கணக்கை வைத்துப் போடும் பற்றாக்குறைப் பட்டியலில் வராது. பழைய எண்ணை வைத்து வகுப்பவருக்கு அவை தேவையே படவில்லை.

நகரத்தின் சராசரியே இப்படி என்றால், நகரம் எந்தப் பக்கம் வீங்கியதோ அந்தப் பக்கத்தின் நிலை இன்னும் மோசம். 2001இல் 65.37 லட்சமாக இருந்த பெங்களூரு நகர மாவட்டம் 2011இல் 96.21 லட்சமானது. பத்தாண்டில் 47 விழுக்காடு. அந்த வளர்ச்சியில் பெரும்பகுதி விளிம்புகளில் நடந்தது. எலெக்ட்ரானிக் சிட்டி அப்படிப்பட்ட ஒரு விளிம்பு.

அங்கே நிர்வாகமும் துண்டு துண்டாக இருக்கிறது. தொழிற்பேட்டைக்கு நகரிய ஆணையம். ஹெப்பகோடிக்கும் பொம்மசந்திராவுக்கும் தனித்தனி நகராட்சி மன்றங்கள். வடக்கே மாநகராட்சி. ஒரு கட்டடம் முடிந்ததும் ஷெட் பிரிக்கப்பட்டு, இரண்டு கிலோமீட்டர் தள்ளி வேறொரு மனையில் போடப்படுகிறது. அந்த இரண்டு கிலோமீட்டரில் குடும்பம் ஓர் உள்ளாட்சியிலிருந்து இன்னோர் உள்ளாட்சிக்குப் போய்விடுகிறது. ஆஷா பணியாளரின் குறிப்பேட்டில் அந்த வீடு அடிக்கப்படுகிறது. புது இடத்தின் குறிப்பேட்டில் அது ஏறுவதற்குள் அடுத்த கட்டடம் முடிந்துவிடும். கணக்கெடுப்பு நடந்தாலும் இவை குடிசைப் பகுதி என்று எண்ணப்படுவது சந்தேகம். கணக்கெடுப்பின் வரையறைப்படி குடிசைப் பகுதிக்குச் சுமார் 60 முதல் 70 வீடுகள் ஒரே திரளாக இருக்க வேண்டும். நாற்பது ஷெட்டுகள் நாற்பதாகவே நின்றுவிடும்.

இனி உடம்புக்கு வருவோம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'இண்டியாப்' ஆய்வு 2023இல் வெளியானது. நாட்டில் 20 வயதைத் தாண்டியவர்களில் 35.5 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம், 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்றது அது. 300 பெரியவர்கள் இருக்கும் ஒரு ஷெட் வளாகத்துக்கு இந்த விகிதத்தைப் பொருத்தினால் 106 பேருக்கு உயர் அழுத்தம். கட்டட வேலைக்கு வருகிறவர்களில் இளவயதினர் அதிகம், ஆகவே பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். அப்போதும் 50 பேருக்கு மேல். உயர் இரத்த அழுத்தத்துக்கு வலி இல்லை. காய்ச்சல் இல்லை. அளந்தால் மட்டுமே தெரியும். அளக்கச் சில நிமிடங்கள் போதும்.

அந்தச் சில நிமிடங்கள் கிடைக்கும் வழி எது? 2022 டிசம்பரில் கர்நாடக அரசு 'நம்ம கிளினிக்' திட்டத்தைத் தொடங்கியது. மாநிலம் முழுவதும் 438 கிளினிக்குகள், அவற்றில் 243 பெங்களூரு மாநகராட்சிக்கு, வார்டுக்கு ஒன்று. 2023 பிப்ரவரியில் நகரத்தில் முதல் கட்டமாக 108 திறக்கப்பட்டன. ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், ஓர் ஆய்வக நுட்புநர், ஓர் உதவியாளர். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இலவசமாகப் பார்ப்பார்கள், மாத்திரையும் இலவசம். நல்ல திட்டம், இன்னும் முன்பே வந்திருக்க வேண்டிய திட்டம். தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட நேரம் காலை 9 முதல் மாலை 4.30 வரை.

இந்த நேரத்தைச் சித்தாள் வேலை பார்க்கும் 45 வயதுப் பெண் ஒருவரின் நாளோடு சேர்த்து வைக்க வேண்டும். இது தனி ஒருவரின் கதையாகச் சொல்லப்படவில்லை. வேலை நேரமும் கிளினிக் நேரமும் சேர்ந்தால் வரும் நாள் இது. ஐந்து மணிக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, எட்டு மணிக்குச் சைட்டில் நிற்க வேண்டும். ஆறு மணிக்கு வேலை முடியும். ஷெட்டுக்கு வந்து சேர ஏழு. கிளினிக் பூட்டி இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கும். பகலில் போவதென்றால் மேஸ்திரியிடம் சொல்ல வேண்டும், அன்றைய கூலி போகும். வலியே இல்லாத ஒரு நோயைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு நாள் கூலியை யார் விடுவார்கள்?

ஆனால் இடுப்பு வலி இருக்கிறது. முழங்கால் வலி இருக்கிறது. தலையில் மணல் சட்டி தூக்கும் உடம்புக்கு அது இல்லாமல் போகாது. ராத்திரி எட்டரை மணிக்கு மெடிக்கல் ஷாப் திறந்திருக்கும். கடைக்காரர் அட்டையிலிருந்து கத்தரிக்கோலால் இரண்டு வலி மாத்திரையைக் கத்தரித்து, கூடவே ஒரு வாயு மாத்திரையும் சேர்த்து, காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். மாத்திரையின் பெயர் வெட்டுப்பட்ட பாதியில் போய்விடும். சில ரூபாய்தான். காலையில் வலி குறைந்திருக்கும், வேலைக்குப் போகலாம். இரண்டு நாள் கழித்து மறுபடியும் இரண்டு மாத்திரை.

டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகள் சிறுநீரகத்துக்குள் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன. உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி இரத்த அழுத்தத்தை ஏற்றுகின்றன. வெயிலில் வேர்த்து நீர் வற்றிய உடம்பில் இந்த விளைவு கூடும். ஏற்கெனவே உயர் அழுத்தமும் இருந்தால், சிறுநீரகத்துக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் அடி விழுகிறது. சிறுநீரகமும் வலிக்காது. அதன் வேலைத்திறனில் பெரும்பகுதி போன பிறகே கால் வீக்கம், மூச்சிரைப்பு, வாந்தி என்று அறிகுறி காட்டும். அப்போது மருத்துவமனைக்குப் போகிறவர் பல சமயம் முதல் நாளிலேயே டயாலிசிஸுக்குப் போகிறார். டயாலிசிஸ் என்பது இயந்திரத்தின் மூலம் இரத்தத்தைச் சுத்திகரிப்பது. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம். அதன் பிறகு சித்தாள் வேலை இல்லை.

பணம் எந்த இடத்தில் நுழைகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2018 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீடு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கான பணம் அது. வெளிநோயாளியாகப் போய் வாங்கும் தினசரி பி.பி. மாத்திரைக்கு அது பொருந்தாது. 2003இல் கர்நாடகம் தொடங்கிய யசஸ்வினி திட்டம் கூட்டுறவு விவசாயிகளுக்குப் பெரிய உதவி. அதுவும் அறுவை சிகிச்சைக்கான காப்பீடாகவே பிறந்தது. தொழிலாளர் அரசு காப்பீடான இ.எஸ்.ஐ. வெளிநோயாளியையும் பார்க்கும். 2017 ஜனவரியில் அதன் சம்பள வரம்பு 21,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. 2015 ஆகஸ்டிலிருந்து கட்டடத் தொழிலாளரும் அதில் சேர்க்கப்பட்டார்கள். சேர, ஒப்பந்ததாரர் பெயரைப் பதிய வேண்டும். மேஸ்திரி கையில் ரொக்கமாகக் கூலி வாங்குகிறவரின் பெயர் எங்கும் பதியப்படுவதில்லை. வீட்டு வேலை செய்கிறவருக்கு அந்த வழியே இல்லை. பொம்மசந்திராவில் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 2024 அக்டோபரில். தொழிற்பேட்டை வந்து பல பத்தாண்டுகள் கழித்து.

ஆக, நோய் முற்றும்வரை செலவு அந்தக் குடும்பத்தினுடையது. முற்றிய பிறகு செலவு அரசினுடையது. அந்த வரிசையில் முதலில் வரும் செலவுதான் மிகச் சிறியது. தேசிய சுகாதாரக் கணக்குப்படி 2021–22இல் இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காட்டை மக்கள் நேரடியாகக் கையிலிருந்து கொடுத்தார்கள். அரசு செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1.84 விழுக்காடு. 2017ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கொள்கை 2025க்கு வைத்த இலக்கு 2.5.

இந்த ஏற்பாட்டுக்கு மருத்துவ உலகில் ஒரு பெயர் உண்டு. ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர், வேல்ஸ் நாட்டின் கிளின்கோரக் என்ற நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் வேலை பார்த்தவர். 1971 பிப்ரவரியில் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். நல்ல மருத்துவம் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கே மிகக் குறைவாகக் கிடைக்கிறது, சந்தையின் கை ஓங்கும் இடத்தில் இது இன்னும் கடுமையாகிறது என்பது அதன் சாரம். இதைத் தலைகீழ் கவனிப்பு விதி என்கிறார்கள். விதி எல்லோருக்கும் தெரியும். அவர் செய்த வேலை அவ்வளவாகத் தெரியாது. சுமார் 2,000 பேர் கொண்ட அந்தக் கிராமத்தின் பெரியவர் ஒவ்வொருவரையும் பட்டியலிட்டு, இரத்த அழுத்தம் அளந்தார். வராதவர்களைத் தேடிப் போனார். அளந்ததை எழுதினார், எழுதியதை ஆண்டுதோறும் சரிபார்த்தார். 25 ஆண்டுகள். 1991இல் கணக்குப் பார்த்தபோது, இளவயது மரணங்கள் அதே அளவு ஏழ்மை கொண்ட பக்கத்துக் கிராமத்தைவிடக் கால்வாசிக்கு மேல் குறைந்திருந்தன. புது மருந்து எதுவும் அவரிடம் இல்லை. பெயர்ப்பட்டியல் இருந்தது.

பட்டியல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே தேதி உண்டு. 2020 செப்டம்பர் 14. கொரோனா ஊரடங்கின்போது ஊர் திரும்பும் வழியில் எத்தனை புலம்பெயர் தொழிலாளர் இறந்தார்கள் என்று நாடாளுமன்றத்தில் கேட்கப்பட்டது. அப்படித் தரவு ஏதும் இல்லை என்று மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் பதில் தந்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் அமைப்புசாராத் தொழிலாளருக்கான இ-ஷ்ரம் பதிவு தொடங்கியது. 30 கோடிக்கு மேற்பட்டோர் பதிந்திருக்கிறார்கள். ஒருவரின் இரத்த அழுத்தத்தையோ, அவர் இந்த மாதம் எந்த ஷெட்டில் இருக்கிறார் என்பதையோ அது சொல்லாது.

தொற்றுநோய்களில் இதே இடைவெளி வேகமாகச் செயல்படும். 2024 மார்ச்சில் பெங்களூரில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றின. குழாய் இல்லாத குடியிருப்புகள் தண்ணீரைப் பீப்பாய்களில் தேக்கின. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடும். பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டர் தூரம் பறக்கும். ஷெட்டுக்கும் அடுக்குமாடிக்கும் இடையே அவ்வளவு தூரம் இருப்பதில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோயாக அறிவித்தது. காசநோய் அப்படி மொத்தமாக வெளிப்படாது. சிகிச்சை பெறாத நுரையீரல் காசநோயாளி ஒருவரிடமிருந்து ஓராண்டில் 10 முதல் 15 பேர் வரை தொற்றுப் பெறலாம். சிகிச்சைக்காலம் ஆறு மாதம். ஒரு கட்டடத்தின் அடித்தளம் முடிய அதைவிடக் குறைந்த காலமே ஆகும். முடிந்ததும் அந்த வேலைக்கு வந்தவர்களின் ஷெட் நகரும்.

இந்த இடைவெளியை அடைக்க வந்த நம்ம கிளினிக்குகளுக்கான பணத்தில் பெரும்பங்கு 15வது நிதிக் குழு உள்ளாட்சிகளின் சுகாதாரத்துக்கென்று ஒதுக்கிய மானியத்திலிருந்து வந்தது. நாடு முழுவதற்கும் ஐந்தாண்டுகளில் 70,051 கோடி ரூபாய். அதன் காலம் 2021–22இல் தொடங்கியது, முடிவு நாள் 2026 மார்ச் 31. 2027 கணக்கெடுப்புக்கு முன்பே.

இனி எல்லைக்கு அந்தப் பக்கம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழ்நாடு அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கியது. பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். பெயரைப் பதிகிறார்கள். மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். 2020இல் தமிழ்நாட்டில் நடந்த 'ஸ்டெப்ஸ்' ஆய்வில், உயர் அழுத்தம் உள்ள 100 பேரில் 7.3 பேருக்குத்தான் அது கட்டுப்பாட்டில் இருந்தது. நீரிழிவில் 10.8. 2023–24இல் மறுபடி அளந்தபோது 17, 16.7. மூன்றாண்டில் கிடைத்த உயர்வு இது. இன்னும் 83 பேர் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருக்கிறார்கள் என்பதும் அதே ஆய்வின் முடிவுதான். கர்நாடகமும் 2024 அக்டோபரில் கோலார் மாவட்டத்தில் 'க்ருஹ ஆரோக்கிய' என்ற பெயரில் வீடு தேடிப் போகும் பரிசோதனையைத் தொடங்கியது. அதுவும் வீட்டுக் கதவைத் தட்டிச் செய்யும் வேலை. ஷெட்டுகளுக்குக் கதவு எண் இல்லை.

கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இப்படிப் பெயர் பதிந்த பெண்கள், விதைப்பும் அறுப்பும் இல்லாத மாதங்களில் கணவனோடு பஸ் ஏறுகிறார்கள். ஓசூரில் இறங்கி, அத்திப்பள்ளி தாண்டி, ஷெட்டுக்கு வருகிறார்கள். பையில் மாத்திரை அட்டை இருக்கும். அது தீரும்வரை இரத்த அழுத்தம் அடங்கியிருக்கும். ஊரில் தன்னார்வலர் வந்து பார்க்கும்போது வீடு பூட்டியிருக்கும். இங்கே அவர்களைத் தேடி வருவதற்கு யாரிடமும் அவர்கள் பெயர் இல்லை. அட்டை தீர்ந்த ராத்திரி, எட்டரை மணிக்கு, திறந்திருப்பது மெடிக்கல் ஷாப் மட்டும். பி.பி. மாத்திரையின் பெயர் தெரியாது. வெறும் அட்டையைக் காட்டினால் கடைக்காரர் விலை சொல்வார். அதே காசுக்கு இடுப்பு வலிக்கு மாத்திரை வாங்கலாம். வலிப்பது இடுப்புத்தான்.